ஆட்லறி: இரு தரப்பின் பீரங்கிகள்

எங்களுக்கு வந்து விழுந்தவை எல்லாமே 'ஷெல்'தான். பிள்ளைகள் கேட்கும்போது பிரித்துச் சொல்ல இக்குறிப்பு உதவட்டும்.

மோட்டார் எறிகணை உயர எழும்பிக் கிட்டிய தூரத்தில் விழும். ஆட்லறி தொலைவுக்கானது, இராணுவத்தின் 130 மி.மீ பீரங்கி சுமார் 27 கிலோமீற்றர் எறியும். பலாலியிலிருந்து யாழ். நகரம் அதற்குள் அடங்கும். 2000இல் இராணுவம் வாங்கிய பல்குழல் வாகனமொன்றில் 40 குழல்கள்.

புலிகளுக்கு ஆட்லறி கிடைத்தது 1996 ஜூலையில், முல்லைத்தீவு முகாம் விழுந்தபோது. அங்கு 122 மி.மீ பீரங்கிகள் இரண்டைக் கைப்பற்றினர். 2000 ஏப்ரலில் ஆனையிறவில் 152 மி.மீ பீரங்கிகளும் சேர்ந்தன. கிட்டு பீரங்கிப் படையணி இவற்றை இயக்கியது.

ஆகவே 1996க்குப் பின் ஷெல்லின் அளவை மட்டும் வைத்து யார் அடித்தது என்று சொல்ல முடியாது. வந்த திசையும் வேண்டும்.

2009 ஜனவரியில் அரசு பாதுகாப்பு வலயம் அறிவித்தது. அதற்குள்ளும் ஷெல் விழுந்தது. இறுதிக்கட்டப் பொதுமக்கள் இழப்புகளில் பெரும்பாலானவை அரச எறிகணைகளால் நேர்ந்தவை என 2011இல் ஐ.நா. நிபுணர் குழு கூறியது. புலிகள் மக்களுக்கு அருகிலிருந்து ஆட்லறி அடித்ததையும் அது பதிவு செய்தது. 40,000 பேர்வரை இறந்திருக்கலாம் என்ற மதிப்பீட்டையும் குறிப்பிட்டது.

சிட்னியிலுள்ள பொதுநலச் சட்ட மையமொன்றின் திட்டமும் 2014இல் இறுதி மாதங்கள் பற்றி அறிக்கை வெளியிட்டது. பதியாத இழப்பு எந்தக் கணக்கிலும் ஏறாது. சிட்னியிலோ மெல்பேர்ணிலோ வீட்டிலுள்ள பெரியவர்களிடம் கேட்போம்: எந்தத் திகதி, எந்த இடம், எந்தத் திசை. இன்றே எழுதி வைப்போம்.