அணைந்த எஞ்சினின் விலை

ஆற்றலற்றுப் பறப்பதே கிளைடரின் பெருமை. முதல் உலகப் போருக்குப் பின் வெர்சாய் உடன்படிக்கை எஞ்சின் விமானங்களைக் கட்டும் உரிமையை ஜெர்மனியிடமிருந்து சில காலம் பறித்தது. அந்நாட்டு இளைஞர்கள் வாஸ்ஸர்குப்பே குன்றின்மீது ஏறினர். 1920இல் அங்கு முதல் சறுக்கு விமானப் போட்டி நடந்தது. காற்றைப் படிக்கும் கலை அங்கே வளர்ந்தது. அதன் நிழலாக ஒரு தொல்லையும் வளர்ந்தது. மாலையில் வெயில் தணிந்து வெப்பக்காற்று ஓய்ந்தால், வானோடி யாரோ ஒருவரின் வயலில் இறங்கியே தீர வேண்டும். வீடு திரும்பும் அளவுக்கு மட்டும் ஒரு சிறு எஞ்சின் இருந்தால் என்ன என்ற ஆசை அங்கிருந்தே தொடங்குகிறது.

ஆசை எளிது, அதன் கணக்கு கடினம். கிளைடரின் உயிர் அதன் சறுக்கு விகிதத்தில் இருக்கிறது. விகிதம் 40 எனில், காற்று அசையாத நிலையில் ஒரு கிலோமீட்டர் உயரத்திலிருந்து 40 கிலோமீட்டர் செல்லலாம். உடலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் எந்தப் பொருளும் காற்றைத் தடுத்து இந்த விகிதத்தைக் குறைக்கும். அந்தத் தடையே இழுவை எனப்படும். எஞ்சினை எங்கே ஒளிப்பது என்பதே இத்துறையின் வரலாறு.

1935இல் இங்கிலாந்தில் சர் ஜான் கார்டனும் எல். இ. பேயின்ஸும் இதற்கு ஒரு விடை கண்டனர். பீரங்கி வண்டிகளை வடிவமைத்துப் புகழ்பெற்றவர் கார்டன். ஸ்கட் 3 என்னும் கிளைடரில் 249 சி.சி. வில்லியர்ஸ் எஞ்சின் ஒன்றை ஒரு தண்டின்மேல் பொருத்தினர். வேண்டியபோது அது இறக்கைக்குப் பின்னால் எழும். வேண்டாதபோது உடலுக்குள் மடங்கிக்கொள்ளும். அதே ஆண்டு டிசம்பரில் பயணிகள் விமான விபத்து ஒன்றில் கார்டன் உயிரிழந்தார். அவர் உதவியுடன் உருவான மடக்கு தண்டு அவரைக் கடந்து வாழ்ந்தது.

போருக்குப் பின் வேறொரு வழியும் பிறந்தது. 1963இல் முதலில் பறந்த ஷைபே ஃபால்கே விமானத்தில் எஞ்சின் மூக்கிலேயே நிலையாக இருந்தது. நம்பகமானது, எளியது, ஆனால் அதன் சறுக்கு விகிதம் ஏறத்தாழ 24 மட்டுமே. இழுவைக்கான விலையை அது ஒவ்வொரு நொடியும் செலுத்தியது.

1980களின் தொடக்கத்தில் கிளவுஸ் ஓலர் வகுத்த ‘டர்போ’ அமைப்பு ஷெம்ப்-ஹிர்த் நிறுவனத்தின் வெண்டுஸ், நிம்பஸ் கிளைடர்களில் இடம்பெற்றது. தரையிலிருந்து எழும்ப அதற்கு வலு இல்லை. வானில் உள்ள கிளைடரைத் தாங்கி வீடு சேர்க்கவே அது உருவானது. ஆகவேதான் அத்தகைய எஞ்சினுக்கு ‘சஸ்டெய்னர்’ என்று பெயர். எடையைக் குறைக்க ஸ்டார்ட்டர் மோட்டார் நீக்கப்பட்டது. வேகக் கட்டுப்பாடும் கிடையாது. எஞ்சினை வெளியே நீட்டி, மூக்கைத் தாழ்த்திப் பாய வேண்டும். எதிர்க்காற்று உந்துவிசிறியைச் சுழற்ற, எஞ்சின் பற்றிக்கொள்ளும்.

பற்றிக்கொள்ளாவிட்டால்? இங்கேதான் மறைந்திருந்த விலை வெளிப்படுகிறது. தண்டும் இயங்காத விசிறியும் வெளியே நிற்க, 40க்கு மேற்பட்ட சறுக்கு விகிதம் 20க்கும் கீழே சரிந்துவிடக்கூடும். 300 மீட்டர் உயரத்தில் 12 கிலோமீட்டர் எட்டும் தூரம் 6 கிலோமீட்டருக்குள் சுருங்கும். எஞ்சினை உயிர்ப்பிக்கப் பாய்ந்ததிலேயே உயரத்தின் ஒரு பங்கு கரைந்திருக்கும். மாதக்கணக்கில் உறங்கிக் கிடந்து, சில நிமிடம் மட்டும் அழைக்கப்படும் இரு வீச்சு எஞ்சினிடமிருந்து இந்தப் பணி எதிர்பார்க்கப்படுகிறது. இன்னும் ஒருமுறை முயன்று பார்ப்போம் என்று வானோடி விசைகளில் மூழ்கியிருக்க, இறங்கத்தக்க வயல் எட்டாத் தொலைவுக்குப் போய்விடும். உதவிக்கு வந்த கருவியே ஆபத்துக்கு வழிகாட்டுவது இப்படித்தான்.

பிற்காலத் தீர்வுகள் இந்த நொடியையே குறிவைத்தன. ஸ்லோவேனியாவின் எல்.இசட். டிசைன் நிறுவனம் எஃப்.இ.எஸ். என்னும் மின்மோட்டாரை மூக்கில் பொருத்தியது. ஓய்வில் விசிறி மூக்கோடு ஒட்டி மடங்கிக்கொள்ளும். அதனால் சிறிதளவு இழுவை நிரந்தரமாகச் சேரும். ஆனால் மோட்டார் இயங்காமல் போனாலும் இழப்பு மிகக் குறைவு. சிறு ஜெட் எஞ்சின்களும் வந்தன. வெளியே நீட்டினாலும் அவற்றின் இழுவை சிறிது. எரிபொருள் பசியும் இரைச்சலும் பெரிது.

எனினும் இலவசமான தீர்வு ஏதுமில்லை. 2017 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பார்ஹம் களத்தில் எஃப்.இ.எஸ். பொருத்திய ஒரு கிளைடர் தரையிறங்கும் வேளையில் அதன் மின்கலம் தீப்பற்றியது. வானோடி தப்பினார். இயங்காத மோட்டாரின் அச்சம் தணிந்த இடத்தில், சேமித்த ஆற்றலின் அச்சம் குடியேறியது.

இந்த வரலாறு ஒரே கேள்வியைச் சுற்றியது: விலையை எப்போதும் சிறிது சிறிதாகச் செலுத்துவதா, எஞ்சின் கைவிடும் ஒரு நொடியில் மொத்தமாகச் செலுத்துவதா? ஃபால்கே முதலாவதைத் தேர்ந்தது, டர்போ இரண்டாவதை. எஃப்.இ.எஸ். முதல் வழியின் செலவைக் குறைத்தது. ஜெட் இரண்டாம் வழியின் இடரைக் குறைத்தது. கேள்வியை யாரும் அழிக்கவில்லை. எனவேதான் வானோடிகளுக்குக் கற்பிக்கப்படும் விதி மாறவே இல்லை: இறங்கத்தக்க வயல் ஒன்றைத் தேர்ந்து, போதிய உயரத்தோடு அதன்மேல் நின்ற பின்னரே எஞ்சினை நீட்டு, அது இயங்காது என்றே எண்ணிக்கொள். வாஸ்ஸர்குப்பேயின் பழைய பாடம் எஞ்சினோடும் உடன் பறக்கிறது.