ஏழு கிழமை ஒரே இடத்தில்

வன்னியில் காலைப் பற்றிக் கதைத்தால் கதை மிதிவெடிக்கும் செல்லுக்கும்தான் போகும். இழந்த கால்களைப் பற்றி நாங்கள் நிறையக் கதைத்திருக்கிறம். பிறக்கும்போதே உள்ளுக்குத் திரும்பியிருக்கும் பாதங்களைப் பற்றிக் கதைத்தது குறைவு.

வளைபாதம் உலகளவில் ஏறத்தாழ 1000 குழந்தைகளில் ஒன்றுக்கு வருகிறது. பாதம் உள்ளுக்கும் கீழுக்கும் மடங்கியிருக்கும். "கிரகணத்துக்குள்ள வெளியில போனவள்" என்று தாயைக் குறை சொல்லுற சனம் இன்னும் இருக்கு. கிரகணத்துக்கும் இதுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. பரம்பரைக்குப் பங்குண்டு, தாயில் பிழை இல்லை.

பிறந்த உடனேயே பாதத்தைக் கையால் மெல்லத் திருப்பிக் கட்ட வேணும் என்று கிரேக்க மருத்துவர் ஹிப்போக்ரட்டீஸ் 2,400 வருசத்துக்கு முதலே சொல்லிவிட்டார். ஆனால் 20ஆம் நூற்றாண்டு கத்தியைத்தான் நம்பியது. பெரிய சத்திரசிகிச்சை செய்த பாதங்கள் பார்வைக்கு நேராயின; வளர்ந்த பிறகு பல இறுகி, நோகத் தொடங்கின.

அதைக் கவனித்தவர் இக்னாசியோ பொன்செட்டி. 1914இல் ஸ்பெயினின் மினோர்க்கா தீவில் பிறந்தவர். உள்நாட்டு யுத்தத்தில் காயப்பட்டவர்களின் முறிந்த எலும்புகளைப் பொருத்தினார். 1939இல் தோற்ற பக்கத்து ஆளாக மலை தாண்டிப் பிரான்சுக்குப் போய், பிறகு மெக்சிக்கோவுக்கு இடம்பெயர்ந்து, 1941இல் அமெரிக்காவின் ஐயோவாவுக்கு வந்து சேர்ந்தார்.

அவருடைய முறை எளிமையானது. குழந்தை பிறந்து சில கிழமைக்குள் தொடங்கி, கிழமைக்கு ஒருக்கால் பாதத்தைக் கொஞ்சம் திருப்பிப் பத்துப் போடுவது. ஐந்து, ஆறு, ஏழு பத்தில் பாதம் நேராகும். பலருக்குக் குதிக்கால் நாணில் சின்ன வெட்டொன்று தேவை. அதுக்குப் பிறகு மூன்று கிழமைக்குக் கடைசிப் பத்து. பிறகு கம்பியில் பூட்டிய சப்பாத்து: முதல் மூன்று மாதம் நாளுக்கு 23 மணித்தியாலம், அதன்பின் நித்திரையில் மட்டும், நாலு வயது வரை. சப்பாத்தை விட்டால் பாதம் பெரும்பாலும் திரும்ப வளையும். 1963இல் அவர் முடிவுகளை வெளியிட்டும், உலகம் பரவலாக ஏற்க 30 வருசத்துக்கு மேல் எடுத்தது.

இந்த முறைக்குப் பெரிய இயந்திரம் ஒன்றும் வேண்டாம். பழகின கை, பத்துப் போடும் மா, ஒவ்வொரு கிழமையும் அதே கிளினிக்குக்கு வரக்கூடிய தாய். வன்னியில் இல்லாமல் போனது அந்த மூன்றாவதுதான். 2008இன் கடைசியில் கிளிநொச்சிச் சனம் கிழக்கே நகரத் தொடங்கியது. ஆஸ்பத்திரியும் சனத்தோட சேர்ந்து இடம்பெயர்ந்தது. தருமபுரம், புதுக்குடியிருப்பு, மாத்தளன், முள்ளிவாய்க்கால். ஏழு கிழமை ஒரே இடத்தில் இருக்க யாருக்கு முடிந்தது? 2009 மேயில் யுத்தம் முடிந்தது. சனம் செட்டிகுளத்து முகாம்களில் இருந்தது. அதே வருசம் ஒக்ரோபரில், 95 வயதில், பொன்செட்டி காலமானார்.

அந்த நாட்களில் பிறந்த பிள்ளைகள் இப்ப எங்கட வயதுக்கு வந்துவிட்டினம். அவர்களில் யாராவது பாதத்தின் வெளி ஓரத்தை ஊன்றி நடந்தால், அது விதியோ சாபமோ இல்லை. வரலாற்றால் தடைப்பட்ட வைத்தியம். பெரியாக்களுக்கும் உதவி உண்டு, ஆனால் கஷ்டம் கூட.

இப்ப றோட்டு இருக்கு, பஸ் இருக்கு, அரச ஆஸ்பத்திரியில் காசும் இல்லை. உங்கட வீட்டிலோ அயலிலோ அப்படி ஒரு குழந்தை பிறந்தால், "வளர வளரச் சரியாயிடும்" என்று சொல்லாதேங்கோ. குடும்பநல உத்தியோகத்தரிட்டக் காட்டுங்கோ. தாய்க்குக் கிழமைக்கு ஒருநாள் துணை போங்கோ.