கைதட்டச் சொன்னார்கள்: குரல் தேர்வு குறித்துச் சில வரலாற்றுக் குறிப்புகள்

பூந்தமல்லிக்கு அப்பால் உள்ள ஒரு படப்பிடிப்புத் தளத்தில் தனியார் தொலைக்காட்சி ஒன்று நடத்திய பாட்டுப் போட்டியின் குரல் தேர்வுக்குப் பார்வையாளனாகப் போயிருந்தேன். முதல் பாட்டைக் கேட்பதற்கு முன்னால் முக்கால் மணி நேரம் நாங்கள் கைதட்டினோம். மேடை காலி. யாரும் பாடவில்லை. காதில் கருவி மாட்டிய இளைஞர் ஒருவர் முன்னால் நின்றுகொண்டு, 'இப்ப சந்தோஷமாத் தட்டுங்க', 'இப்ப நம்பவே முடியாத மாதிரி வாயப் பொளந்து பாருங்க', 'அந்தப் பொண்ணு ரிஜெக்ட் ஆயிடுச்சு, பாவம்னு ஒரு ஃபீலிங் குடுங்க' என்று சொல்லச் சொல்ல, கேமரா எங்கள் முகங்களை வரிசையாக எடுத்துக்கொண்டது. எந்தப் பொண்ணு, என்ன பாடினாள் என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான். நானும் பாவப்பட்டேன்.

பக்கத்து நாற்காலியில் வியாசர்பாடியிலிருந்து வந்திருந்த ஒரு அம்மா. ஐம்பது வயதிருக்கும். ஏஜெண்ட் வேனில் கூட்டிவந்திருக்கிறார். நாள் சம்பளம், மதியச் சாப்பாடு. மாசத்துக்கு நாலைந்து தடவை இப்படி வருவாராம். 'பாட்டுன்னா பரவால்ல தம்பி, ஏசில உக்காந்து கேக்கலாம். பட்டிமன்றந்தான் தலவலி' என்றார். ரசிகர் என்ற சொல்லுக்கு எம்.ஏ. வகுப்பில் மெய்ப்பாட்டியலில் தொடங்கி விளக்கம் படித்தவன் நான். நாள் சம்பள ரசிகருக்கு அங்கே இடமில்லை.

ஆடிஷன் என்ற சொல்லின் லத்தீன் வேருக்குக் கேட்டல் என்றே பொருள். பார்த்தல் அல்ல. நம் நாட்டில் அந்தச் சொல்லைப் பிரபலமாக்கியது வானொலி. சென்னை நிலையம் 1938இலும் திருச்சி நிலையம் 1939இலும் தொடங்கின. ஆனால் இன்று சங்கீதக்காரர்கள் சொல்லும் ஆடிஷன், பி.வி. கேஸ்கர் 1952இல் தகவல் ஒலிபரப்புத் துறைக்கு அமைச்சரான பிறகு கெட்டிப்பட்ட ஏற்பாடு. பாடுபவர் ஒரு பக்கம்; கேட்கும் குழு அவரைப் பார்க்க முடியாத இன்னொரு பக்கம். பெயர் சொல்லப்படாது, முகம் தெரியாது. குரலை மட்டும் வைத்து பி, ஏ, டாப் என்று கிரேடு போடுவார்கள். வித்வான்களுக்கே பரீட்சையா என்று எதிர்ப்பு கிளம்பியது. அந்த எதிர்ப்பில் ஒரு நியாயமும் இருந்தது, பரம்பரைத் திமிரும் இருந்தது. யாருடைய சிஷ்யர், எந்த ஊர், எந்தச் சாதி என்று விசாரித்துவிட்டே காதைத் திறக்கிற ஒரு உலகத்தில் திரைக்குப் பின்னாலிருந்து வரும் குரலை மட்டும் கேட்பது என்பது, கோட்பாட்டளவிலாவது, பெரிய ஜனநாயகக் காரியம்.

ஆனால் அந்தக் காது அத்தனை வெள்ளந்தியானதல்ல. 1946இல் இடைக்கால அரசில் இந்தத் துறையைக் கவனித்த வல்லபாய் பட்டேல், தனிவாழ்க்கை பொதுவில் அவதூறுக்கு உள்ளானவர்களை வானொலியில் அமர்த்தக் கூடாது என்று முடிவெடுத்தார். வடக்கே அது யாரைக் குறிவைத்தது என்பது தெரிந்ததே: தவாயிஃப் மரபில் வந்த பாடகிகளை. மறு ஆண்டு, 1947இல், சென்னை மாகாணத்தில் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்தது. இரண்டையும் ஒன்றாக்கிவிட முடியாது. பின்னதற்குப் பின்னால் முத்துலட்சுமி ரெட்டியும் மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரும் நடத்திய நெடிய போராட்டம் இருக்கிறது. எனினும், கிராமபோன் தட்டுகளின் ஆரம்ப காலத்தில் கோயம்புத்தூர் தாயி, சேலம் கோதாவரி என்று ஊர்ப்பெயரோடு ஒலித்த குரல்களின் வாரிசுகளை எந்தப் பெயரில் மேடையேற்றுவது என்ற சங்கடம் அந்தக் காலத்து இசை உலகம் முழுக்க இருந்தது. குரலைக் கேட்கும்போது முகத்தைப் பார்க்காத அரசு, வாசலிலேயே ஆளைப் பார்த்துவிட்டிருந்தது.

ஹார்மோனியம் இன்னொரு கதை. நம் நாடக மேடையின் உயிரான அந்தப் பெட்டியை வானொலி 1940இல் விலக்கியது. தடை தளர 1971 ஆயிற்று. சினிமாப் பாட்டுக்கும் 1952இல் கிட்டத்தட்ட அதே கதிதான் நேர்ந்தது. ஜனங்கள் ரேடியோவின் முள்ளை இலங்கைப் பக்கம் திருப்பிவிட்டார்கள். ஐந்து வருஷம் கழித்து 1957இல் விவித் பாரதியைத் திறந்து அரசு இறங்கி வந்தது. ஆடிஷன் அறைக்குள் நுழைய அருகதையில்லாதது என்று ஒதுக்கப்பட்ட அதே சினிமாப் பாட்டுதான் இன்று எல்லாத் தொலைக்காட்சி ஆடிஷனுக்கும் பாடத்திட்டம். இதில் எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம் உண்டு.

இந்த வானொலி ஏற்பாட்டில் ரசிகர் எங்குமே இல்லை. நிபுணர் கேட்டார், அரசு முத்திரை குத்தியது, நாம் வீட்டில் பெட்டியைத் திருகினோம். ரசிகரைத் தேர்வு அறைக்குள் கொண்டுவந்தது வேறொரு மரபு, வணிக மரபு. அமெரிக்க வானொலியில் மேஜர் போவ்ஸ் 1930களின் நடுவில் நடத்திய அமெச்சூர் நிகழ்ச்சியில், பாட்டுச் சரியில்லையென்றால் மணியை அடித்து நிறுத்திவிடுவார்கள். கேட்பவர்கள் தொலைபேசியில் ஓட்டுப் போட்டார்கள். பிரிட்டனில் 1956இல் தொலைக்காட்சிக்கு வந்த 'ஆப்பர்ச்சூனிட்டி நாக்ஸ்' நிகழ்ச்சியில் கைதட்டலை அளக்க ஒரு மானியே வைத்திருந்தார்கள். முள் ஏறும், இறங்கும், அரங்கம் ஆர்ப்பரிக்கும். ஆனால் ஜெயித்தவரை முடிவுசெய்தது அந்த மானி அல்ல, வீட்டிலிருந்தவர்கள் தபாலில் அனுப்பிய ஓட்டு. மானி சும்மா ஒரு வேடிக்கை. இந்தச் சின்ன விஷயத்தை நான் முக்கியமாகக் கருதுகிறேன்: அரங்கத்தில் இருப்பவரின் தீர்ப்பு செல்லாது, அவர் தீர்ப்புச் சொல்கிற காட்சி மட்டும் தேவை.

கூலிக்குக் கைதட்டுவது தொலைக்காட்சியின் கண்டுபிடிப்பு என்று நினைத்துவிட வேண்டாம். 1830களில் பாரிஸ் ஆப்பெராவில் ஒகுஸ்த் லெவசேர் என்றொரு மேஸ்திரி இருந்தார். ஒத்திகைக்கே வந்து எந்த இடத்தில் எவ்வளவு தட்டுவது என்று நிர்வாகத்தோடு கலந்து தீர்மானிப்பார். அவரது தொழிலில் சிரிக்க ஆள், அழ ஆள், மறுபடியும் பாடச் சொல்லிக் கத்த ஆள் என்று தனித்தனிப் பிரிவுகள் இருந்தன. நம்மூர் ஒப்பாரிக்கு மாரடிப்பவர்களை நினைத்துக்கொள்ளலாம். ஆனால் அவர்களுக்குப் பாட்டு தெரியும். லெவசேரின் ஆட்கள் பக்கத்தில் இருந்த நிஜ ரசிகரைத் தட்டவைப்பதற்காகத் தட்டினார்கள். பூந்தமல்லியில் அப்படியொரு நிஜ ரசிகர் கிடையாது. நாங்கள் தட்டியது கேமராவுக்கு.

பிரிட்டனின் 'பாப் ஐடல்' 2001இல் வந்தபோது ஆடிஷன் மூடிய அறையில், நடுவர்கள் முன்னால் மட்டும் நடந்தது. 'எக்ஸ் ஃபேக்டர்' 2009இல் அதை ஆயிரக்கணக்கானோர் உட்காரும் அரங்குகளுக்கு நகர்த்தியது. அதே வருஷம் ஏப்ரலில் ஸ்காட்லாந்துக்காரர் சூசன் பாயிலின் ஆடிஷன் வேறொரு நிகழ்ச்சியில் ஒளிபரப்பாகி உலகம் பூராவும் பரவியது. திரும்பப் பார்த்தால் தெரியும், அது ஒரு பாட்டின் பதிவு அல்ல, முகங்களின் பதிவு. நடுவயதுப் பெண்ணைப் பார்த்துக் கண்ணை உருட்டுகிற முகங்கள், வாய் பிளக்கிற முகங்கள், எழுந்து நிற்கிற முகங்கள். அடுத்த வருஷமே நெதர்லாந்தில் 'தி வாய்ஸ்' தொடங்கியது. நடுவர்கள் முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பார்கள், குரல் பிடித்தால் நாற்காலி திரும்பும். கேஸ்கர் காலத்துத் திரை மீண்டும் வந்துவிட்டதாக யாராவது மகிழ்ந்தால், இந்தத் திரை நடுவருக்கு மட்டும்தான் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். நமக்கு எல்லாமே தெரியும். பார்க்காமல் கேட்பதையே பார்க்கத்தக்க காட்சியாக்கிவிட்டார்கள்.

தமிழில் சன் டிவியின் 'சப்தஸ்வரங்கள்' தொண்ணூறுகளில் வந்தது, ஏ.வி. ரமணன் நடத்தினார். விஜய் டிவியின் 'சூப்பர் சிங்கர்' 2006இல் தொடங்கியது. ஒன்றிலிருந்து மற்றதற்குப் போகும்போது பாட்டு நிகழ்ச்சி பாடுபவரின் வீடு, வறுமை, அப்பாவின் கண்ணீர் என்று கதையாக விரிந்தது. கதைக்கு அழும் முகங்கள் வேண்டியிருந்தன. வேன் வந்தது.

தொலைக்காட்சி விற்கும் சரக்கு நிகழ்ச்சியல்ல, பார்வையாளர்களே என்று டல்லஸ் ஸ்மித் 1977இல் எழுதினார். எங்களைப் போன்ற சிறுபத்திரிகைக்காரர்கள் அதை வசதியாக எடுத்துக்கொண்டு, ஜனங்கள் மயங்கிக் கிடக்கிறார்கள் என்று பக்கம் பக்கமாக எழுதினோம். நானும் எழுதியிருக்கிறேன். அந்த அம்மாவின் பக்கத்தில் ஒருநாள் முழுக்க உட்கார்ந்த பிறகு அதை அப்படியே சொல்ல வாய் வரவில்லை. அவர் மயங்கவில்லை, வேலை செய்தார். வேலைக்கு நடுவே, யாரும் சம்பளம் தராத ஒரு காரியத்தையும் செய்தார். கேட்டார்.

நாலு மணி சுமாருக்கு ஒரு பையன் பாடினான். மேல் ஸ்தாயியில் குரல் லேசாக உடைந்து, உடைந்த இடத்திலேயே நின்று மறுபடி ஏறியது. ஏதோ ஒலிக்கோளாறு என்று திரும்பப் பாடச் சொன்னார்கள். நடுவர்களும் முதல் தடவை கேட்பதுபோல மறுபடி ஆச்சரியப்பட்டார்கள், நாங்களும் தட்டினோம். இரண்டாவது தடவை பிசிறில்லை. அந்த அம்மா என் பக்கம் சாய்ந்து, 'மொதல்ல பாடுனான் பாரு, அதான் பாட்டு. இப்ப ஒப்பிச்சுட்டான்' என்றார். கை மட்டும் சொன்னபடி தட்டிக்கொண்டிருந்தது.

சில வாரம் கழித்து நிகழ்ச்சி ஒளிபரப்பானது. பையன் வந்தான், இரண்டாவது தடவை பாடியதைத்தான் போட்டார்கள். அந்த அம்மாவின் முகம் அதில் இல்லை. வேறொரு நாள் எடுத்திருக்க வேண்டும், நாங்கள் கேட்டே இராத ஒரு சிறுமியின் பாட்டுக்கு நடுவில் வந்தது: மூக்குத்தி, கலங்கிய கண், வாயில் முந்தானை. காலி மேடையைப் பார்த்துக் காலையில் கொடுத்த முகம். பக்கத்தில் பாதித் தோள் தெரிகிறதே, அது நான்.