இசைத்தட்டு: பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைக் கிராமங்களில்

இசைத்தட்டு என்பது சுழலும் வட்டில் ஒலியை நுண்ணிய சுருள் பள்ளமாகப் பதித்து, அந்தப் பள்ளத்தில் ஓடும் ஊசியின் அதிர்வால் மீண்டும் கேட்கச் செய்யும் சாதனம். தட்டை வட்டில் பதியும் முறைக்கு எமில் பெர்லினர் 1887-ல் காப்புரிமை பெற்றார். பேச்சில் ரெக்கார்டு, பிளேட்டு. அதை ஓட்டும் கருவிக்கு, திருவனந்தபுரம் மாவட்டத்தின் தென்கோடியில் உள்ள பாறசாலையிலும் நெய்யாற்றின்கரையைச் சுற்றிய எல்லைக் கிராமங்களிலும், பாட்டுப்பெட்டி என்று பெயர். அந்தச் சொல் தமிழா மலையாளமா என்று இங்கே யாரும் கேட்டதில்லை. இரண்டு மொழிக்கும் அது பொது.

இசைத்தட்டின் வரலாற்றை எழுதுகிறவர்கள் வழக்கமாக அதை வாங்கிச் சேர்த்தவர்களின் வரலாறாக எழுதுவார்கள். இந்தப் பகுதிக்கு அது பொருந்தாது. இங்கே பெரும்பாலோர் ஒரு தட்டைக்கூட விலைக்கு வாங்காமலேயே நூற்றுக்கணக்கான தட்டுகளின் பாட்டை மனப்பாடமாக வைத்திருந்தார்கள். பாட்டு ஊருக்குப் பொதுவாக இருந்தது. பிறகு வீட்டுக்குள் போனது. அதன் பிறகு காதுக்குள் போனது. வினைல் தட்டுகள் மீண்டும் விற்பனைக்கு வந்திருக்கும் இந்த நாளில், அந்த மூன்று கட்டங்களையும் சேர்த்துப் பார்த்தால்தான் மீண்டு வந்தது எது, வராதது எது என்று தெரியும்.

நிலம்

திருவிதாங்கூர் ஒரே அரசாக இருந்தவரை இந்த ஊர்களுக்கு எல்லை என்று ஒன்று இல்லை. 1956 நவம்பர் 1-ல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய 4 தாலுகாக்கள் தமிழகத்தோடு சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆயின. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்ட பகுதிகளில் நெய்யாற்றின்கரையும் உண்டு. அது கேரளத்திலேயே நின்றது. பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் இடையில் மாநில எல்லை விழுந்தது. உறவுகள் இரு பக்கமும் இருந்தன. சந்தையும் கோயிலும் மாதாகோயிலும் அப்படியே. பாலராமபுரத்துச் சாலியர் தெருக்களில் தறியோடு தமிழும் தொடர்ந்தது. பாட்டுக்குச் சோதனைச்சாவடி கிடையாது. களியக்காவிளையில் கட்டிய ஒலிபெருக்கி இஞ்சிவிளையில் கேட்கும்.

அரக்குத் தட்டின் காலம்

கிராமபோன் கம்பெனிக்காக ஃபிரெட் கெய்ஸ்பெர்க் 1902-ல் கல்கத்தாவில் கௌஹர் ஜானின் குரலைப் பதிந்ததிலிருந்து இந்திய இசைத்தட்டின் கதை தொடங்குகிறது. 1908-ல் கல்கத்தாவின் சியால்தாவில் தட்டு அச்சிடும் ஆலை வந்தது, 1928-ல் அது டம்டமுக்கு மாறியது. நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் அந்தப் பழைய தட்டுகளுக்கு மூலப்பொருள் அரக்கு. நம் நாட்டுக் காடுகளில் மரக்கிளையில் ஒட்டி வாழும் அரக்குப்பூச்சி சுரப்பது. அதோடு கல்மாவும் கரியும் சேர்த்துச் சூட்டில் அழுத்தினால் தட்டு. உலகத்து இசைத்தட்டு ஆலைகளுக்கு அரக்கு கொடுத்த முக்கிய நாடு இந்தியா. அரக்குத் தட்டு கீழே விழுந்தால் ஓட்டைப்போல் உடையும்.

10 அங்குலத் தட்டின் ஒரு பக்கம் மூன்றரை நிமிடம் வரைக்கும்தான் ஓடும். கையால் சாவி கொடுக்க வேண்டும். எஃகு ஊசி ஒரு பக்கம் ஓடினாலே மழுங்கிவிடும் என்பதால் ஊசியை மாற்ற வேண்டும். நாய்ப் படம் போட்ட சிறு தகர டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்து, திருகைத் தளர்த்தி, செருகி, மறுபடி இறுக்கிய பிறகே அடுத்த பாட்டு. மூன்று நிமிடம் கேட்க ஒரு நிமிட வேலை. அந்த வேலை செய்தவர்கள் பாட்டின் நடுவே எழுந்து போக மாட்டார்கள். பாடகர்களும் அந்த அளவுக்குள் அடங்க வேண்டியிருந்தது. ஒரு மணி நேரம் விரியக்கூடிய ராகம் சில கணங்களின் கோடாகச் சுருங்கியது. கீர்த்தனை பல்லவி, அனுபல்லவி, சரணத்தோடு விரைந்து முடிந்தது. சினிமாப் பாட்டு இன்றும் மூன்று, நான்கு நிமிடத்துக்குள் நிற்பதற்கு அந்த அரக்குத் தட்டின் விட்டம் ஒரு முக்கியக் காரணம்.

இந்த மண்ணின் ஒரு வாழ்க்கையை வைத்துத்தான் இசைத்தட்டின் பெரிய விளைவைச் சொல்ல முடியும். பாறசாலை பொன்னம்மாள் 1924-ல் இங்கே ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். திருவனந்தபுரத்தில் புதிதாகத் தொடங்கிய சுவாதித் திருநாள் இசைப்பள்ளியில் சேர்ந்த முதல் பெண். பாபநாசம் சிவனிடமும் கற்றவர். திருப்பூணித்துறை ஆர்.எல்.வி. கல்லூரியின் முதல் பெண் முதல்வர். திருவனந்தபுரம் நவராத்திரி மண்டபத்தில் பெண்கள் பாடக்கூடாது என்ற பழைய வழக்கம் அவர் வழியாகத்தான் உடைந்தது. அது நடந்தது 2006-ல், அவருக்கு 81 வயதில். இசைத்தட்டோ எவ்வளவோ முந்திவிட்டது. கோயம்புத்தூர் தாயியும் சேலம் கோதாவரியும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தட்டுக்குப் பாடினார்கள். எம்.எஸ். சுப்புலட்சுமியின் முதல் தட்டு 1926-ல் வந்தபோது அவருக்கு 10 வயது. மண்டபத்துக்குள் நுழைய 2006 வரை காத்திருந்த பெண் குரல், பாட்டுப்பெட்டி இருந்த வீடுகளின் திண்ணையில் அதற்கு முன்பே ஒலித்துக்கொண்டிருந்தது. இசைத்தட்டு செய்த நல்ல காரியங்களில் இதை முதலில் வைக்க வேண்டும்.

வானொலி

திருவிதாங்கூர் அரசின் வானொலி 1943 மார்ச் 12-ல் திருவனந்தபுரத்தில் தொடங்கியது. 1950 ஏப்ரலில் அகில இந்திய வானொலியோடு இணைந்தது. நெய்யாற்றின்கரை வாசுதேவனின் குரலைப் பல வீடுகள் அறிந்தது அந்த நிலையத்தின் வழியாகத்தான். அவர் அங்கே நிலையக் கலைஞராக இருந்தவர். ஆனால் 1952-ல் மத்திய அமைச்சர் பி.வி. கேஸ்கர் சினிமாப் பாட்டை அகில இந்திய வானொலியிலிருந்து விலக்கினார். அதனால் ஆதாயம் அடைந்தது இலங்கை வானொலி. கடலைத் தாண்டித் தெளிவாகக் கேட்ட அந்த நிலையத்தில் தமிழுக்கு மயில்வாகனனும் பிறகு கே.எஸ். ராஜாவும் பி.எச். அப்துல் ஹமீதும் இருந்தார்கள். மலையாள நிகழ்ச்சியும் உண்டு. ஒரே முள்ளில் இரண்டு மொழியும் கிடைத்தது எல்லைக்காரர்களுக்கு எவ்வளவு பொருத்தம் என்பது, இரண்டு மொழியிலும் பாட்டு முணுமுணுக்கும் பெரியவர்களைக் கேட்டால் தெரியும். 1957 அக்டோபரில் விவித் பாரதி வந்தது, 1963-ல் திருநெல்வேலி நிலையம், 1984-ல் நாகர்கோவிலில் நாட்டின் முதல் உள்ளூர் வானொலி. இவை எல்லாவற்றிலும் தட்டுகள் ஓடின.

கோளாம்பி

கூம்பு ஒலிபெருக்கிக்கு இங்கே கோளாம்பி என்று பெயர். எச்சில் துப்பும் படிக்கத்துக்கு மலையாளத்தில் கோளாம்பி என்பார்கள். வாய் விரிந்த வடிவ ஒற்றுமையால் வந்த பெயர். எல்லை தாண்டினால் அதுவே குழாய் அல்லது ஹாரன். தென்னை மரத்தில் கோளாம்பி கட்டினால் கல்யாணம், சடங்கு, கோயில் கொடை, மாதாகோயில் திருநாள், பள்ளிவாசல் விழா ஏதோ ஒன்று என்று பக்கத்து ஊருக்கும் தெரிந்துவிடும்.

இசைத்தட்டின் உண்மையான நூலகம் இங்கே மைக் செட்காரரின் மரப்பெட்டிதான். அதில் சீர்காழி கோவிந்தராஜனின் பிள்ளையார் பாட்டு, எல்.ஆர். ஈஸ்வரியின் மாரியம்மன் பாட்டு, பி. லீலாவின் ஞானப்பான, நாகூர் ஹனீபா, கிறிஸ்தவக் கீர்த்தனைகள், 1963-ல் வெளிவந்த எம்.எஸ். சுப்புலட்சுமியின் வெங்கடேச சுப்ரபாதம் எல்லாம் ஒன்றோடொன்று உரசி நிற்கும். பிறகு தமிழ், மலையாளப் படப் பாட்டுகள். திருவிளையாடல் போன்ற படங்களின் கதைவசனத் தட்டுகள். ஒரே ஆள் காலையில் கோயிலிலும் மாலையில் மாதாகோயிலிலும் செட் கட்டுவார். எந்த விழாவில் எந்தத் தட்டு முதலில், எது கடைசி என்று அவருக்குத் தெரியும். அகூஜா ஆம்ப்ளிஃபயரின் பச்சை விளக்கு எரிய, பெஞ்சில் உட்கார்ந்து, தட்டை இரு உள்ளங்கைகளுக்கு நடுவே விளிம்பில் பிடித்து, பள்ளத்தில் விரல் படாமல் வைத்து, ஊசிமேல் ஒட்டிய தூசை வாயால் ஊதி இறக்குவார். கரகரவென்று ஒரு சத்தம். அந்தக் கரகரப்பு கேட்டதும் முற்றத்தில் இருப்பவர்கள் பேச்சைக் குறைப்பார்கள், அடுத்து என்ன பாட்டு என்று.

தட்டில் கீறல் விழுந்தால் ஒரே சொல் திரும்பத் திரும்ப ஓடும். அந்தக் கீறலும் ஊருக்குப் பொதுவானதே. ஒரு பாட்டின் எந்த வரியில் ஊசி சிக்கும் என்று தெருவில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. புதுத் தட்டில் அந்த இடம் தடங்காமல் போனால் ஏதோ குறைவதுபோல் இருக்கும்.

இதை வெறும் இனிய நினைவாக மட்டும் எழுதுவது சரியில்லை. தேர்வுக்குப் படித்த பிள்ளைகளும் நோயாளிகளும் கைக்குழந்தை உள்ள வீடுகளும் அந்தச் சத்தத்தைச் சகித்தார்கள். ஒலி மாசு விதிகள் 2000-ல் வந்தன. இரவு 10 முதல் காலை 6 வரையிலான தடையை 2005 ஜூலையில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. கூம்பு வடிவ ஒலிபெருக்கிகளைக் காவல்துறை இறக்கத் தொடங்கியதும் மைக் செட் தொழில் பந்தல், விளக்கு, பாக்ஸ் ஸ்பீக்கர் என்று மாறியது. டி.கே. ராஜீவ்குமாரின் 'கோளாம்பி' என்ற மலையாளப் படம், அந்தத் தடையால் தொழில் இழந்த ஒரு முதிய தம்பதியைப் பற்றியது. தடை தேவைதான். ஒரு தொழிலின் அறிவு அதோடு சேர்ந்து போனதும் உண்மைதான்.

கேசட்டும் கைப்பேசியும்

வினைலில் அச்சான எல்.பி. தட்டு அமெரிக்காவில் 1948-ல் வந்தது. ஒரு பக்கத்துக்கு 20 நிமிடத்துக்கு மேல் ஓடும், எளிதில் உடையாது. 1960-களிலும் 70-களிலும் எச்.எம்.வி.யின் ஃபியஸ்டா போன்ற சிறு பெட்டிகள் வசதியுள்ள வீடுகளுக்கு வந்தன. ஆனால் வீட்டுக்கு வீடு பாட்டைக் கொண்டுபோனது வளைகுடாவிலிருந்து வந்த, ரேடியோவும் கேசட்டும் சேர்ந்த டூ-இன்-ஒன். விமான நிலையத்திலிருந்து வந்த டாக்சியில் இறங்கும் அட்டைப்பெட்டிகளில் ஒன்று அதுவாக இருக்கும். கே.ஜே. யேசுதாஸ் 1980-ல் திருவனந்தபுரத்தில் தொடங்கிய தரங்கிணி மலையாளக் கேசட்டை வீட்டுப் பொருளாக்கியது. ஓணப் பாட்டும் ஐயப்பன் பாட்டும் ஆண்டுதோறும் வந்தன. தமிழில் இளையராஜாவின் பாட்டுகளை எக்கோ தட்டாகவும் கேசட்டாகவும் வெளியிட்டது. வெற்றுக் கேசட் கொடுத்துப் பிடித்த பாட்டைப் பதிந்து வாங்கும் பழக்கம் வந்ததும், மைக் செட்காரர் தேர்ந்தெடுத்த வரிசை போய், அவரவர் எழுதிக் கொடுத்த பட்டியல் வந்தது. குறுந்தட்டு, எம்.பி.3 காலங்கள் விரைவில் கடந்தன. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து இணையம் மலிவானபோது பாட்டு முழுக்கக் கைப்பேசிக்குள் போனது. பேருந்தில் பத்துப் பேர் பத்துப் பாட்டுக் கேட்கிறார்கள். ஒருவர் கேட்பது மற்றவருக்குத் தெரியாது.

மீட்சி

மேற்கில் 2008-ல் தொடங்கிய ரெக்கார்டு ஸ்டோர் டே போன்ற முயற்சிகள் வினைலை மீட்டன. அமெரிக்காவில் 2022-ல் 4.1 கோடி வினைல் தட்டுகளும் 3.3 கோடி குறுந்தட்டுகளும் விற்றன. 1987-க்குப் பிறகு எண்ணிக்கையில் வினைல் முந்தியது அப்போதுதான். இந்தியாவில் தட்டு அச்சிடுவது நின்று பல ஆண்டுகளுக்குப் பிறகு 2024-ல் மும்பையில் ஒரு புதிய ஆலை வேலையைத் தொடங்கியது. புதிய தட்டின் விலை பெரும்பாலும் 2,000 ரூபாய்க்கு மேல். எல்லைக் கிராமங்களுக்கு இந்த மீட்சி கூரியரில் வருகிறது, நகரத்தில் வேலை செய்யும் இளைஞர்கள் வழியாக. பெரியவர்களுக்குப் பிடித்தது 2017-ல் சரிகம வெளியிட்ட காரவான்: பார்ப்பதற்குப் பழைய ரேடியோ, உள்ளே ஆயிரக்கணக்கான பாட்டு. தேடத் தேவையில்லை, அடுத்து எது வரும் என்று காத்திருக்கலாம். பலருக்கு மீண்டும் வேண்டியிருந்தது அந்தக் காத்திருப்புதான் என்று தோன்றுகிறது.

கோட்டயம் மாவட்டம் பிளாசனாலில் சன்னி மாத்யூ 2015-ல் திறந்த கிராமபோன் அருங்காட்சியகம் கேரளத்தின் தட்டுகளுக்கு ஒரு நல்ல புகலிடம். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் பழைய இசைத்தட்டுப் பாட்டுப் புத்தகங்கள் இருக்கின்றன. எல்லைக் கிராமங்களின் மைக் செட் பெட்டிகள் இன்னும் பெரும்பாலும் மச்சிலும் பழைய இரும்புக் கடையிலும்தான். லேபிளில் உரிமையாளரின் ரப்பர் முத்திரை, உறையில் பெயிண்டால் எழுதிய எண், இரண்டு எழுத்திலும் கிறுக்கிய பாட்டுப் பெயர்: எந்த ஊரில் எந்தப் பாட்டு ஓடியது என்பதற்கு இவைதான் ஆவணம். தட்டை எடுத்துக்கொண்டு உறையை எறிந்துவிடக் கூடாது.

இடவப்பாதியும் துலாவர்ஷமுமாக ஆண்டுக்கு இரண்டு மழை பெய்யும் ஊர் இது. உறைக்குள் வெண்பூஞ்சை பிடிக்கும். தட்டுகளைப் படுக்க வைத்து அடுக்கினால் அடியில் உள்ளது வளையும். புத்தகம்போல் நிமிர்த்தி வைக்க வேண்டும். வினைலை மென்மையான சோப்பு ஒரு துளி கலந்த தண்ணீரில், லேபிள் நனையாமல், பள்ளம் ஓடும் திசையிலேயே துடைக்கலாம். 78 தட்டைத் துடைக்க ஸ்பிரிட் மட்டும் கூடாது. தச்சர் மரச்சாமானுக்குப் பாலிஷ் போட அரக்கைக் கரைப்பது அதே ஸ்பிரிட்டில்தான். பஞ்சில் ஒருமுறை தொட்டாலே பாட்டு கரைந்து வந்துவிடும்.