கொழும்பின் சதுப்பும் பெருந்தும்பியும்

வெள்ளவத்தை என்றதும் புலம்பெயர்ந்த நம்மவர்க்குக் காலி வீதியும் கடலோரப் புகையிரதப் பாதையும் நினைவுக்கு வரும். கொட்டாஞ்சேனை என்றால் கோயில்களும் தேவாலயங்களும். வெள்ளவத்தையின் எல்லையிலும், கொட்டாஞ்சேனைக்கு அண்மையில் கிராண்ட்பாஸிலும் ஓடும் கால்வாய்களை எவரும் பெரிதாக எண்ணுவதில்லை. அந்நீரின் வரலாற்றோடு பிணைந்த உயிர் ஒன்று உண்டு. நாம் தும்பி என்றும் தமிழகத்தவர் தட்டான் என்றும் அழைக்கும் பூச்சிகளுள், இலங்கைத் தாழ்நிலத்தின் மிகப் பெரியவற்றில் ஒன்றான அனக்ஸ் குட்டேட்டஸ் என்பதே அது.

கண்டி அரசு வீழ்ந்த 1815 ஆம் ஆண்டிலேயே, இதன் பேரினத்துக்கு அரசன் எனப் பொருள்படும் அனக்ஸ் என்ற கிரேக்கச் சொல்லை ஆங்கிலேயரான லீச் சூட்டினார். 1839 இல் ஜெர்மானியரான பர்மைஸ்டர் இவ்வினத்தை விவரித்தார். ஹேகன் 1858, 1859 ஆம் ஆண்டுகளில் இலங்கைத் தும்பிகளையும் உள்ளடக்கிய பட்டியலை வெளியிட்டார். 1933 முதல் 1936 வரை வெளிவந்த பிரேசரின் மூன்று தொகுதிகள் இத்துறையின் அடிப்படை நூல்களாயின. இன்று இத்தீவில் அறியப்பட்ட தும்பியினங்கள் 120 ஐத் தாண்டும். அவற்றுள் ஏறத்தாழப் பாதி வேறெங்கும் இல்லாதவை.

பூச்சிக்குப் பெயர் கிடைத்தது. அதன் வாழிடத்துக்குக் கிடைத்த பெயர் வேறு. கோட்டையின் காவலுக்காகப் போர்த்துக்கேயர் நீரைத் தேக்கினர். ஒல்லாந்தர் படகுப் போக்குவரத்துக்குக் கால்வாய் வெட்டினர். பிரித்தானியர் வெள்ளத்தைக் கடலுக்கு வெளியேற்ற வழி தேடினர். சுதந்திர இலங்கையோ 1968 இல் கொழும்பின் தாழ்நிலங்களை மீட்பதற்கெனச் சட்டம் இயற்றிச் சபையொன்றை அமைத்தது. மீட்பது என்றால், பெரும்பாலும் மண்ணிட்டு நிரப்புவது. 2010 நவம்பரில் பெய்த மழையில் சதுப்பு நடுவே எழுந்த பாராளுமன்றத்தையே வெள்ளம் சூழ்ந்தது. நீரைத் தாங்கும் நிலத்தின் பெறுமதி அதன் பின்னரே பரவலாக உணரப்பட்டது. 2018 இல் ராம்சார் சமவாயம் ஈரநில நகரங்களாக முதன்முதலில் அங்கீகரித்த 18 நகரங்களுள் கொழும்பும் இடம்பெற்றது.

ஆயினும் சான்றிதழ் மட்டும் தும்பிக்குப் போதாது. இதன் பெண் நீர்த்தாவரத் தண்டைக் கீறி முட்டையிடும். குடம்பி எனப்படும் இளம்பருவம் நீருக்கடியில் நுளம்புப் புழுக்களையும் தவளைக் குஞ்சுகளையும் வேட்டையாடி வளரும். டெங்கு நுளம்பு பெரும்பாலும் வீட்டோரச் சிறு கொள்கலன்களில் பெருகுவதால், தும்பி அதை ஒழித்துவிடும் என்பது மிகை. ஆனால் செடியற்ற கொங்கிறீட் கரையும் கழிவுநீரும் உள்ள கால்வாயில் இத்தும்பிக்குச் சந்ததி இல்லை.

சிறகுள்ள தும்பி எங்கிருந்தும் பறந்து வரலாம். கால்வாயின் மேல் அது வட்டமிடுவதைக் கண்டு நீர் நலமென்று முடிவுகட்டலாகாது. சிறகு முளைக்கையில் அது நாணலில் உரித்து விட்டுச்செல்லும் வெற்றுத்தோலே அங்கு பிறந்ததற்கு உறுதியான சாட்சி. நகரசபையினர் தேட வேண்டியது அந்தத் தோலைத்தான்.