ஓவியர் வெளியூரில், செயலாளர் வீட்டில்: பிக்காசோவின் சபார்டெஸ்

கலை வரலாற்று நூல்களில் ஹைமே சபார்டெஸ் பெரும்பாலும் வாயிற்காவலராகவே வருகிறார்: பாப்லோ பிக்காசோவைக் காண வந்தவர்களைத் தடுத்தவர், தபால்களை வாங்கிவைத்தவர். இந்தச் சித்திரம் போதாது. ஓவியர் ஊரில் இல்லாத காலத்தில் அவர் செய்த வேலையை முன்வைத்துப் பார்த்தால், பிக்காசோ குறித்து இன்று நம்மிடம் உள்ள ஆவணங்களை உருவாக்கியவர்களில் முதன்மையானவராக அவரைக் கொள்ள வேண்டும்.

இருவரும் 1899இல் பார்சிலோனாவில் நண்பர்களானவர்கள். சபார்டெஸ் பின்னர் குவாத்தமாலா சென்று பல்லாண்டுகள் பத்திரிகையாளராக இருந்தார். 1935இல் பிக்காசோவின் மனைவி ஓல்கா பிரிந்து சென்றார். அதே ஆண்டு பிக்காசோவின் காதலி மரி-தெரேஸ் வால்தெருக்கு மகள் மாயா பிறந்தாள். தூரிகையை ஏறத்தாழ ஒதுக்கிவிட்டு ஸ்பானிய மொழியில் கவிதை எழுதிக்கொண்டிருந்த பிக்காசோ, வீட்டையும் தம் எழுத்துகளையும் கவனித்துக்கொள்ள வருமாறு நண்பரை அழைத்தார். நவம்பரில் சபார்டெஸ் பாரிஸ் வந்து லா போயெஸி தெரு வீட்டில் தங்கினார். வீட்டு நிர்வாகமும் கையெழுத்துப் பிரதிகளின் பொறுப்பும் தொடக்கத்திலேயே ஒரே கையில் சேர்ந்துவிட்டன என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. கவிதைகளைத் தட்டச்சு செய்தவரும் அவரே.

1936 மார்ச் இறுதியில் பிக்காசோ சபார்டெஸைத் தவிர வேறு யாருக்கும் சொல்லாமல் மரி-தெரேஸுடனும் குழந்தையுடனும் தெற்கே ஜுவான்-லெ-பானுக்குப் போனார். தபால்களைத் தந்தைவழிப் பெயரான ‘பாப்லோ ருயிஸ்’ என்ற பெயருக்கு அனுப்பச் சொன்னார். மே மாதம் திரும்பும்வரை பாரிஸுக்கும் அவருக்கும் இடையிலான பாலம் இந்த ஒரு மனிதர்தான். எதை அனுப்புவது, எதை நிறுத்திவைப்பது, கேட்டு வருவோரிடம் என்ன சொல்வது என்பதெல்லாம் அவர் பொறுப்பு. ஓவியம், சிற்பம், கவிதை அனைத்தையும் விட்டுவிட்டுப் பாடப் போவதாக பிக்காசோ எழுதியதும் அப்போது இவருக்குத்தான். அந்தக் கடிதங்களை அவர் பத்திரப்படுத்தி, 1946இல் வெளியான தம் நினைவு நூலில் பயன்படுத்தினார்.

நெருங்கிய நண்பர் எழுதிய நூலை எந்த அளவுக்கு நம்பலாம் என்ற கேள்வி நியாயமானது. குடும்பச் சிக்கல்களைப் பற்றி அந்நூல் பெரும்பாலும் வாய் திறப்பதில்லை. ஆனால் இந்த மௌனம் செயலாளர் பணியின் ஒழுக்கத்திலிருந்து வருவது. நூலைப் புறக்கணிக்க அது காரணமாகாது. பிக்காசோவின் பிற்காலத் துணைவி பிரான்ஸ்வாஸ் ஜிலோ 1964இல் வெளியிட்ட நினைவுகளோடு சேர்த்து வாசித்தால் அந்த இடைவெளிகளில் பலவும் நிரம்பும்.

இடையில் சிறிது காலம் விலகியிருந்தாலும் சபார்டெஸ் திரும்பிவந்தார். போருக்குப் பின் பிக்காசோ தென் பிரான்சிலேயே நிலைத்துவிட, பாரிஸ் அலுவல்கள் இவர் கையில் தொடர்ந்தன. இக்காலத்தை ஆய்வாளர்கள் இன்னும் விரிவாக எழுத வேண்டும். செயலாளரின் கடிதங்களை அடிக்குறிப்புக்கு மட்டும் ஒதுக்கும் பழக்கம் இனியாவது மாற வேண்டும்.

1963இல் பார்சிலோனாவின் மொங்காடா தெருவில் திறக்கப்பட்ட அருங்காட்சியகம் சபார்டெஸ் கொடுத்த படைப்புகளை அடித்தளமாகக் கொண்டது. பிராங்கோ ஆட்சியை பிக்காசோ எதிர்த்ததால் அது ‘சபார்டெஸ் தொகுப்பு’ என்ற பெயரிலேயே திறக்கப்பட்டது. 1968இல் சபார்டெஸ் இறந்ததும், ‘லாஸ் மெனினாஸ்’ வரிசையைச் சேர்ந்த 58 ஓவியங்களை அவர் நினைவாக பிக்காசோ அந்த அருங்காட்சியகத்துக்கு அளித்தார்.