சேரன்மாதேவி குருகுலப் போராட்டம்

சேரன்மாதேவி குருகுலப் போராட்டம் (1924–1925): திருநெல்வேலிச் சீமையில், பொதுப்பணத்தில் நடந்த ஒரு பள்ளியில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி வைத்ததை எதிர்த்து எழுந்த கிளர்ச்சி. தமிழ்நாட்டுக் காங்கிரசைப் பிளந்தது இதுவே.

தோற்றம்: லண்டனிலும் புதுச்சேரியிலும் புரட்சியாளராக வாழ்ந்து திரும்பிய வரகனேரி வேங்கடேச சுப்பிரமணிய ஐயர் (வ.வே.சு. ஐயர்), 1922இல் கல்லிடைக்குறிச்சியில் தமிழ்க் குருகுலத்தைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு அது தாமிரபரணியின் தென்கரையிலேயே உள்ள சேரன்மாதேவிக்கு மாறியது. பரத்துவாச ஆசிரமம் என்றும் அதற்குப் பெயர். கல்வியோடு கைத்தொழிலும் உடற்பயிற்சியும் கற்ற, தேசப்பற்றுள்ள இளைஞர்களை உருவாக்குவதே அவர் நோக்கம். ‘பாலபாரதி’ இதழையும் அங்கிருந்தே நடத்தினார். தமிழ்நாட்டுக் காங்கிரஸ் 10,000 ரூபாய் தருவதாக ஒப்புக்கொண்டு முதலில் 5,000 கொடுத்தது. நன்கொடை தந்தவர்களில் பெரும்பாலோர் பிராமணரல்லாதார். மலேயாத் தமிழரும் கொடுத்தார்கள்.

தனிப்பந்தி: பிராமணச் சிறுவர் இருவர் மட்டும் மற்றப் பிள்ளைகளோடு சேராமல் தனியே உண்டனர். பெற்றோருக்கு வாக்குக் கொடுத்துவிட்டதாக ஐயர் விளக்கினார். ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரின் மகனும் அங்குப் படித்தார். அவர் வழியாகவே செய்தி வெளியே வந்தது என்பர். ‘இரண்டு பிள்ளைகள்தானே’ என்று அன்று பலர் சமாதானம் சொன்னார்கள். அது பொருந்தாது. எண்ணிக்கையில் சிறிய ஒரு வகுப்பின் ஆசாரத்துக்காகப் பந்தி முழுவதும் பிரிக்கப்பட்டது. ஊர்ப்பணத்தில் வந்த சோற்றின் முன்னால் மற்றப் பிள்ளைகள் தாழ்ந்தவர்களாக்கப்பட்டார்கள். வளரும் பிள்ளையின் மனத்தில் இதைவிட ஆழமாக எந்தப் பாடமும் பதியாது.

கிளர்ச்சி: டாக்டர் பி. வரதராஜுலு நாயுடு தம் ‘தமிழ்நாடு’ இதழில் தொடர்ந்து எழுதினார். கட்சிப் பொறுப்பிலிருந்த பெரியார் ஈ.வெ.ராமசாமி, மீதித்தொகையைத் தரக்கூடாது என்று நின்றார். 1925 மார்ச்சில் தமிழ்நாடு வந்த காந்தி, அந்த இருவரின் பெற்றோருக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றலாம், இனிச் சேர்பவர்கள் சேர்ந்தே உண்ண வேண்டும் என்று சமரசம் சொன்னார். நாயுடு ஏற்கவில்லை. ஏப்ரல் இறுதியில், பிறப்பால் உயர்வு தாழ்வு பாராட்டலாகாது என எஸ். ராமநாதன் கொண்டுவந்த தீர்மானம் காங்கிரஸ் குழுவில் நிறைவேறியது. ராஜாஜி உள்ளிட்டோர் குழுவிலிருந்து விலகினர்.

பின்விளைவு: ஐயர் குருகுலப் பொறுப்பை விட்டார். ஜூன் 3 அன்று பாபநாசத்துக்கு மேலுள்ள கல்யாண தீர்த்தத்தில், நீரில் விழுந்த மகள் சுபத்திரையைக் காப்பாற்றப் பாய்ந்து உயிர்நீத்தார். பந்திப் பிரிவினையில் அவர் தவறினார். ஆயினும் அவர் மறைவு தமிழுக்குப் பேரிழப்பு. அவ்வாண்டு நவம்பரில் காஞ்சிபுரம் மாநாட்டில், வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானத்துக்கு இடம் மறுக்கப்பட்டதும் பெரியார் காங்கிரசை விட்டு வெளியேறினார். அவரது சுயமரியாதை இயக்கம் வேகம் கொண்டது.

இன்றைய நிலை: குருகுலம் இருந்த திருநெல்வேலி மாவட்டப் பள்ளிகளில் சாதிப் பகை இன்னும் ஓயவில்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியலின மாணவர் ஒருவர் பள்ளித் தோழர்களால் வெட்டப்பட்டார். அதையொட்டி அமைந்த நீதிபதி கே. சந்துரு குழு, சாதியைக் காட்ட மாணவர்கள் கையில் கட்டும் கயிறுகளுக்குத் தடை முதலிய பரிந்துரைகளை 2024 ஜூனில் அரசிடம் அளித்தது.